வளையல் கடை வாசம்

முதல் கிளாஸின் மூடியை எடுப்பதற்கு முன்பே தணிகாசலத்துக்குத் தன் மூக்கின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அடைப்பு இல்லை, சளி இல்லை, ஒரு தும்மல்கூட இல்லை, சந்தேகம் மட்டும்தான். ராத்திரி முழுக்க ஸ்பிரிட் தொட்டிகளுக்கு நடுவே நின்று வால்வு திருப்பிவிட்டு, விடிந்ததும் கம்பெனிக் குழாயடியில் சோப்புப் போடாமல் குளித்து, தலைக்கு எண்ணெய் வைக்காமல், நெற்றிக்குத் திருநீறு பூசாமல், கேன்டீனில் சட்னியை ஒதுக்கிவிட்டு வெறும் இட்லியைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். மேஜையில் ஆறு நீலக் கிளாஸ்கள். உள்ளே இருப்பதன் நிறம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் மூக்கு சோம்பேறியாகிவிடும், அதனால் நீலம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கண்ணாடி வில்லை. பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், உப்புப் போடாத பொரி ஒரு கிண்ணம், துப்புவதற்கு எவர்சில்வர் சட்டி. ஆறும் விஸ்கி. ஆறில் வகை ஐந்துதான். ஏதோ ஒரு வகை மட்டும் இரண்டு கிளாஸில் ஒளிந்திருக்கிறது. எது என்ன வகை, எந்த இரண்டும் ஒன்று என்று தாளில் எழுத வேண்டும். இதுவரை ஆள் குறைகிற நாளில் மட்டும் ருசிக் குழுவில் உட்கார்ந்தவன், சரியாக எழுதினால் அடுத்த மாதத்திலிருந்து அங்கேயே நிரந்தரம், பகல் வேலை. தப்பினால் மறுபடியும் தொட்டி, வால்வு, ராத்திரி. இவ்வளவுதான் விஷயம். பகல் வேலை என்றால் ராத்திரியில் வீட்டில் இருப்பது. ராத்திரியில் வீட்டில் இருப்பது என்றால் தெய்வானையோடு ஒரே நேரத்தில் ஒரே பாயில் படுப்பது. கல்யாணமாகி, மகன் பிறந்து, வளர்ந்து, ஓசூருக்கு வேலைக்குப் போகிற வரைக்கும் அது வாய்க்காமலே போய்விட்டது. அவள் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறவள். வேலை பார்க்கிறவள் என்பதைவிட நிற்கிறவள் என்பதுதான் பொருத்தம், அந்தக் கடையில் பணிப்பெண்களுக்கு ஸ்டூல் கிடையாது. காலையில் கம்பெனி வேன் அவனை இறக்கிவிடுகிற நிறுத்தத்தில்தான் அவள் டவுன் பஸ் ஏறுவாள். சாவியைக் கையில் வைப்பாள். சோறு மூடி வெச்சிருக்கேன் என்பாள். பஸ் வந்துவிடும். சாயங்காலம் அவள் திரும்புவதற்குள் அவன் கிளம்பிவிடுவான். அவளுக்குச் செவ்வாய் லீவு, அவனுக்கு ஞாயிறு, அந்த ராத்திரியையும் ஓவர்டைம் தின்றுவிடும். இப்படியும் ஒரு குடித்தனம், ஒருத்தர் எழுந்துபோனால் ஒருத்தர் வந்து படுக்கிற சத்திரம் மாதிரி. ஆனால் பாய் ஒன்று, தலையணையும் ஒன்று. அவள் எழுந்துபோன பள்ளத்தில் அவன் தலையை வைப்பான். அவளை அவன் அறிந்ததெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான்.

"தணிகா, கிளாஸைப் பார்த்து நேர்ந்துக்கிட்டு இருக்கியா, இல்ல மோந்து பாக்கப்போறியா?" என்றார் அந்துவான் சார். அவர்தான் கலவைக்குத் தலைவர். பெரிய வயிறு, சின்ன மூக்கு. இவ்வளவு சின்ன மூக்கை வைத்துக்கொண்டு எப்படி சார் என்று யாராவது கேட்டால், "சாவித் துவாரம் பெருசா இருந்தாத்தான் கதவு தொறக்குமா?" என்பார். எதிரே சோதனைக்கூடத்துப் பெண் ஹேமாவதி. அவள் மூக்கு தணிகாசலத்தின் மூக்கைவிடப் பல மடங்கு உசத்தி, அது இருவருக்குமே தெரியும், அதில் மனவருத்தம் ஒன்றுமில்லை. அவள் ஏற்கெனவே தன் வரிசையில் இரண்டாவது கிளாஸில் இருந்தாள். "அண்ணே, நெனப்பெல்லாம் தலையணையிலதான் இருக்கு, ராத்திரி டூட்டி பார்த்த கண்ணு," என்றாள், அவன் கொட்டாவியைப் பார்த்து. தலையணை என்று அவள் சொன்னதும் திடுக்கென்றது. அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தூக்கத்தைச் சொல்கிறாள். மூடியை எடுத்தான். மூக்கைக் கிளாஸுக்குள் விடக் கூடாது. விளிம்புக்கு மேலே நிறுத்தி, வாயைக் கொஞ்சம் திறந்து, வாசலில் நின்று கூப்பிடாமல் காத்திருக்கிற விருந்தாளி மாதிரி இருக்க வேண்டும். உள்ளே இருப்பது தானாக எழுந்து வரும். வந்தது. வெல்லப்பாகு, அதன் பின்னால் ஈரக் கோணி, கோணிக்குப் பின்னால் எங்கோ தூரத்தில் ஒரு பிஸ்கட். நம் ஊர் சரக்கு, கரும்புப் பாகில் இறக்கிய ஸ்பிரிட்டில் கொஞ்சம் பார்லி மால்ட் கலந்தது. இதை மோந்து பார்க்க வேண்டுமா என்ன, இது அவன் சட்டை, அவன் ராத்திரி, தொட்டிக்கு மேலே இரும்பு ஏணியில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் இதுதான். மற்றவர்கள் போனில் படம் பார்த்தார்கள். அவன் வந்திறங்குகிற டேங்கர் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, அதற்கு ஒரு பேர் வைத்துக்கொண்டிருந்தான். அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. தூக்கம் வராதவனுக்கு ஏதாவது வேண்டுமே. கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு துளி நாக்கில் வைத்து, உருட்டி, துப்பினான். இத்தனை வருஷத்தில் ஒரு மடக்கு உள்ளே போனதில்லை என்றால் தெருவில் யாரும் நம்புவதில்லை. தெய்வானை நம்புவாள். அவள்கூட முதலில் நம்பவில்லை, சட்டையை மோந்துபார்த்துவிட்டு அடுப்படியில் போய் அழுதாள், பிறகு ஒருநாள் சட்டை மட்டும்தான் குடித்திருக்கிறது, ஆள் குடிக்கவில்லை என்று அவளாகவே கண்டுபிடித்தாள். அவள் மூக்கும் லேசுப்பட்டதில்லை. முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து ஒரு இழு இழுத்தான். அது வழக்கம், ஒரு கிளாஸுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் மூக்கைக் கழுவ வேறு வழியில்லை. தன் தோலின் வாசம் தனக்குத் தெரியாது, ஒன்றுமில்லாததை மோந்தால் மூக்கு மறுபடி வெறுமையாகிவிடும்.

தன் வாசம் தனக்குத் தெரியாது. அப்படியானால் தெய்வானையின் வாசமும் தெரியக் கூடாதுதான். இத்தனை வருஷம் ஒரே தலையணை. அதுவும் முழங்கை மடிப்பு மாதிரி ஆகியிருக்க வேண்டும், ஆகியும் இருந்தது. தலையை வைத்தால் ஒன்றுமே தெரியாது, அந்த ஒன்றுமில்லாததுதான் அவள், உடனே தூக்கம் வரும். அப்புறம் ஆடி பிறந்தது, கடையில் தள்ளுபடி தொடங்கியது, ஒருநாள் காலை தலையை வைத்ததும் ஏதோ ஒன்று எழுந்து வந்தது. இனிப்பு. கனிந்து, கனிவைத் தாண்டி, அழுகலுக்கு இந்தப் பக்கம் நிற்கிற பேரிக்காய். அதோடு கூர்மையாக, மூக்கின் மேல்முனையில் குத்துகிற ஒன்று. உடனே அவன் மனம் அதற்குப் பேரும் சொல்லிவிட்டது: வளையல் கடை. அந்துவான் சார் வைத்த பேர்தான். வெளிநாட்டிலிருந்து வந்த வாசனைச் சக்கரம் ஒன்று இந்த அறைச் சுவரில் முன்பு தொங்கியது, கலர் கலராக, பழம் பழமாக. "இதுல இருக்கிற பழத்துல பாதியை நான் தின்னதே இல்ல, நீ தின்னிருக்கியா? நாம மோந்ததை வெச்சு எழுதுவோம்," என்று அதைக் கழற்றிவிட்டார். அப்படித்தான் பலாச்சுளை வாசத்துக்குப் பண்ருட்டி என்று பேர் வந்தது. புல்லும் பச்சையுமாக இருந்தால் பாய்க்கடை. மருந்தும் புகையுமாக இருந்தால் ஆஸ்பத்திரி. நகப்பூச்சு வாசம் வந்தால் வளையல் கடை. தலையணையில் வளையல் கடை. அவன் சிரித்துக்கொண்டான். கடையில் ஆடிக் கூட்டத்துக்காகப் பெண்களை நகத்துக்குச் சாயம் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருப்பார்கள், பூச்சு காய்வதற்குள் படுத்திருப்பாள் என்று நினைத்தான். நினைத்தபோது பிடித்திருந்தது. மறுநாள் நிறுத்தத்தில் சாவியை வாங்கும்போது விரலைப் பார்த்தான். நகம் வெறுமையாக இருந்தது. வெறும் நகம், ஓரத்தில் மஞ்சள் கறை. அவள் பையில் ஒன்றுக்கு இரண்டாகத் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது, என்ன ரெண்டு என்றான், வெயிலு என்றாள், பஸ் வந்துவிட்டது.

இரண்டாவது மூடி. கவனம், கவனம். பார்லி. ஊறவைத்து முளைகட்டிக் காய்ந்த பார்லி, பால்பவுடர் டப்பாவைத் திறந்ததும் முகத்தில் படுகிற இனிப்பு, மரப்பீப்பாயில் வெந்த நெடி, நல்ல பண்டிகை நாளில் பலகாரக் கடைப் பக்கமாகப் போனது போல. வெறும் மால்ட். வெயில் ஊர் மால்ட், சீக்கிரம் பழுத்தது, சீக்கிரம் ஆவியாவது, நம் ஊரில் பீப்பாயில் வைத்தால் பாதியைக் காற்று குடித்துவிடும் என்பார் அந்துவான் சார், குளிர் நாட்டில் அதற்குத் தேவதையின் பங்கு என்று பேராம், "இங்க தேவதைங்க ஜாஸ்தி, அதோட தாகமும் ஜாஸ்தி." தாகம். அவளுக்கும் தாகம்தான் போலிருக்கிறது. வெயிலு என்றாளே, ஆனால் அன்றைக்கு மழை பெய்து நின்றிருந்தது, நிறுத்தத்தில் குட்டை கட்டியிருந்தது, குட்டையைத் தாண்டுவதற்கு அவள் புடவையைத் தூக்கியபோது குதிகாலில் பிளாஸ்திரி தெரிந்தது. அது என்ன? செருப்புக் கடி. ஆடி பிறந்தப்போ கடிச்சது, இன்னும் விட்ட பாடில்ல என்றாள். சரி, நின்றுகொண்டே இருந்தால் எப்படி ஆறும். எழுது, மால்ட் என்று எழுது. எழுதினான். எழுத்து கோணலாக வந்தது. தலையணைக்கு அவன் இரண்டாவதாகச் சொல்லிக்கொண்ட காரணம் தன் மூக்கு. அதுவும் அந்துவான் சார் சொல்லிக்கொடுத்த பாடம்தான்: எல்லாக் கிளாஸிலும் ஒரே வாசம் வந்தால் அது கிளாஸில் இல்லை, உன் மூக்கில் இருக்கிறது, அதைக் கழித்துவிடு. ராத்திரியெல்லாம் ஸ்பிரிட்டோடு நிற்கிறவன், வளையல் கடை நெடி மூக்கிலேயே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கும். தலையணை மேல் பழி போடலாமா? கழித்துவிட்டான். கழித்துக் கழித்துப் பழகினான். மூன்றாவதாகவும் ஒரு காரணம் வந்தது, அது வந்த வழியே சரியில்லை, ஒரு மத்தியானம் பாதித் தூக்கத்தில் வந்தது: வேறு யாராவது. ராத்திரியில் யாராவது. அத்தர் பூசிய ஒருத்தன். எழுந்து உட்கார்ந்து தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது, சிரிப்பும் வந்தது, நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து ஒரு கை ரசஞ்சோறு தின்று சாய்கிறவள். அன்று அவளுக்குப் போன் போட்டான். "என்னாங்க, தூங்கலியா?" என்றாள். "நீ ராத்திரி தூங்குறியா?" என்றான். "எங்க தூங்குறது, எழுந்து எழுந்து பாத்ரூம் போறதுலயே விடிஞ்சிடுது. வெச்சிடறேன், சூப்பர்வைசர் பாக்குறான்." அத்தோடு அந்தச் சந்தேகம் செத்தது. அவள் சொன்னதில் வேறு ஏதோ ஒன்று இருந்தது, அதை அவன் எடுத்துப் பார்க்கவில்லை.

"ஹேமா, உங்க மாமியார் ஊருக்குப் போயாச்சா?" அந்துவான் சார் கேட்டார். கிளாஸைப் பற்றித்தான் பேசக் கூடாது, மற்றதைப் பேசலாம், பேச்சு மூக்குக்கு இளைப்பாறல் என்பது அவர் கொள்கை. "போகல சார். நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் சாம்பிராணி போடுறாங்க." "உனக்கா, சாமிக்கா?" "எனக்குத்தான். காட்டேரி ஓட்டுற மாதிரி சுத்திச் சுத்திப் போடுறாங்க." அந்துவான் சார் வயிறு குலுங்கச் சிரித்தார். தணிகாசலமும் சிரித்தான். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவன் வீட்டில் சாம்பிராணி இல்லை, ஊதுபத்தி இல்லை, பெருங்காயம்கூட அவன் இல்லாத நேரத்தில்தான். ருசி நாளுக்கு முந்தின வாரம் தெய்வானை தலையில் பூ வைக்க மாட்டாள். அவன் கேட்டதில்லை. அவளாகவே விட்டாள். ஒரு முழம் மல்லிக்காகப் பகல் வேலையை இழக்கணுமா என்றாள் ஒருமுறை. பகல் வேலை வந்ததும் முதல் நாள் என்ன செய்வது என்றுகூடப் பேசிவைத்திருந்தார்கள், ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் தூங்கப் போகிற நேரம். ராத்திரி ரெண்டு பேரும் கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, யாராவது ஒருத்தர் கிளம்ப வேண்டும் என்று இல்லாமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். "போர் அடிச்சிட்டா?" என்றான். "அப்ப நீங்க டூட்டிக்குப் போங்க," என்றாள். அன்று துணி உலர்த்த நின்றவள் ரவிக்கையின் இரண்டு பக்கமும் ஊக்கு குத்தியிருந்தாள். தொளதொளவென்று ஆகிவிட்டதாம். இளைச்சிட்டே என்றான். கடையில எல்லாரும் அதான் கேக்குறாங்க, என்ன பண்ணி இளைச்சேன்னு, என்று சந்தோஷமாகச் சொன்னாள். முழங்கை மடிப்பு. ஒன்றுமில்லை. பொரி ஒன்று வாயில் போட்டான்.

மூன்றாவது மூடியை எடுத்ததும் அறையே போய்விட்டது. ஆஸ்பத்திரி. குளிர் நாட்டுச் சதுப்பில் வெட்டியெடுத்த கரிமண்ணின் புகையில் வாட்டிய பார்லி, வேறு எதுவும் இப்படி இருக்காது, குழந்தைகூட எழுதிவிடும்: புகை விஸ்கி. கடற்கரையில் காய்கிற வலை, சுட்ட கருவாடு, அதன் மேல் கழுவிவிட்ட வராந்தாவின் மருந்து நெடி. பலருக்கு இது பிடிக்காது, ஹேமாவுக்குப் பிடிக்கும், தணிகாசலத்துக்கு இதை மோக்கும்போதெல்லாம் அண்ணன் வேதகிரி வந்துவிடுவார். கூடப்பிறந்த அண்ணன், லாரி ஓட்டினவர், பெரிய ஆள், கதவு மாதிரி அகலம். அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது கதவு பலகையாகியிருந்தது. அப்போது தணிகாசலம் வேலைக்கே வரவில்லை, மூக்கென்றால் மூச்சுவிடத்தான் என்றிருந்த வயசு. அன்று கட்டிலடியில் மண்டிபோட்டுப் பழம் தேடினான். ஏன் தேடினான்? யாரோ பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த பழம் அழுகுகிறது என்று பக்கத்துக் கட்டில்காரர் முணுமுணுத்தார். ஆமாம், வாசம் இருந்தது, அவனுக்கும் வந்தது. பையைத் துழாவினான், ஃபிளாஸ்க், துண்டு, ஒரு தட்டு. கட்டிலுக்கடியில் செருப்பு, செய்தித்தாள். பழமே இல்லை. வெட்கமாக இருந்தது, அண்ணனைப் பார்க்க யாரும் பழம்கூடக் கொண்டுவரவில்லையே என்று அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தான். அப்புறம் தரையிலிருந்து எழுந்து, எழுந்து என்ன செய்தான்? ஹேமா கிளாஸை வைக்கிற சத்தம் கேட்டது. நினைவு அங்கேயே நின்றுவிட்டது, சினிமா கொட்டகையில் கரண்ட் போனது போல. புகை என்று எழுதினான். இதுவரைக்கும் மூன்று, மூன்றும் வேறு வேறு, இரட்டை இன்னும் வரவில்லை. கை தண்ணீரைத் தேடியது. நல்லாத்தான் போகிறது, நல்லாத்தான் போகிறது, இன்னும் பாதி. தூக்கம் இமையில் மணல் போலக் கிடந்தது. முழங்கை மடிப்பை முகர்ந்தான், ஒருமுறைக்கு இருமுறை.

நான்காவது மூடியை எடுத்ததும் தெய்வானை வந்தாள். அப்படித்தான் தோன்றியது. எதிர்பாராத இடத்தில், கடைத்தெருவில் கூட்டத்துக்கு நடுவே வீட்டு ஆளைப் பார்த்தால் ஒரு கணம் யார் என்று தெரியாமல் நெஞ்சு மட்டும் அடித்துக்கொள்ளுமே, அது போல. கனிவு தாண்டிய பேரிக்காய், மூக்கின் மேல்முனைக் குத்தல். வளையல் கடை. தானிய விஸ்கி, இளசு, பீப்பாயில் அதிக நாள் இருக்காதது, கொஞ்சம் தப்பாக இறக்கியது. வேண்டுமென்றே அந்துவான் சார் இதை வைத்திருக்கிறார், குறை தெரிகிறதா என்று பார்க்க. தெரிகிறது சார். தெரிகிறது. ஆனால் இது என் மூக்கில் இருக்கிறதா, கிளாஸில் இருக்கிறதா? இதுதான் பயம், இதற்குத்தான் காலையிலிருந்து மூக்கின் மேல் சந்தேகம். ஆடி பிறந்ததிலிருந்து கூடவே திரிகிற நெடி, இதை எழுதினால் இல்லாததை எழுதியதாகலாம், எழுதாவிட்டால் இருப்பதை விட்டதாகலாம். எல்லாக் கிளாஸிலும் வந்தால் மூக்கு. சரி, திரும்பிப் போ. முதலாவதைத் திறந்தான். வெல்லம், கோணி. வளையல் கடை இல்லை. இரண்டாவது. பார்லி, பலகாரக் கடை. இல்லை. மூன்றாவதைத் திறந்து புகைக்குள் அலைந்தான், வலை, கருவாடு, வராந்தா. இல்லை. முழங்கை மடிப்பு. ஒன்றுமில்லை. மறுபடி நான்காவது. இருக்கிறது, பளிச்சென்று, குத்துகிறது. மூக்கு சுத்தமாக இருக்கிறது. இந்த நான்கில் ஒன்றில் மட்டும்தான் இருக்கிறது. ராத்திரியெல்லாம் தொட்டிக்கு நடுவே நின்றுவிட்டு வந்த இதே மூக்கு, அப்படியே வெறுமையாக, கழுவிவைத்த கிளாஸ் மாதிரி இருக்கிறது. ஒரு கணம் அப்பாடா என்றிருந்தது. மூக்கு நல்லாயிருக்கு, பகல் வேலை, கடற்கரை, சுண்டல். அந்த அப்பாடா முடிவதற்குள் அதன் மறுபக்கம் திரும்பியது. மூக்கில் ஒட்டவில்லை என்றால் தலையணையில் இருந்தது தலையணையில்தான் இருந்தது. நகத்தில் பூச்சு இல்லை. வேறு யாரும் இல்லை. அப்படியானால் அது அவள் வாயிலிருந்து வந்தது, ராத்திரி முழுக்க, மூச்சு மூச்சாக, இலவம்பஞ்சில் இறங்கியது.

நின்றுபோன நினைவு ஓட ஆரம்பித்தது. தரையிலிருந்து எழுந்து, பழம் ஒண்ணும் இல்லண்ணே என்று சொல்ல வேதகிரியின் முகத்தருகே குனிந்தான். வாசம் அங்கே இருந்தது. அவர் வாயில். பெரிய பெரிய மூச்சாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றிலும் பழம், ஒவ்வொன்றிலும் நகப்பூச்சு. டாக்டர் நின்றபடியே சொன்னார், சுகர் ரொம்ப நாளா இருந்திருக்கு, யாரும் பாக்கல, சக்கரையை எடுத்துக்க முடியாத உடம்பு தன் கொழுப்பையே எரிச்சுக்குது, அந்த வாசம் இது. அண்ணி சொன்னாள், அவரு இளைச்சப்ப நாங்க சந்தோஷம்தான் பட்டோம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், லாரி இன்ஜின் சூடு என்று நினைத்தோம். விடிந்தபோது அவர் இல்லை. இரண்டு பாட்டில். ஊக்கு. எழுந்து எழுந்து பாத்ரூம். ஆறாத செருப்புக் கடி. பேரிக்காய். ஒவ்வொன்றாகக் குறித்துவைத்திருந்தான், எல்லாம் இருக்கிறது, ஒன்றும் விடவில்லை; கோணி, வெல்லம், பிஸ்கட் என்று தனித்தனியாக எழுதிவிட்டு, கீழே, இது என்ன சரக்கு என்று பேர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்ட தாள் மாதிரி. மூக்கு உள்ளவன் என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தான். வேறு எவனாவது, மூக்கைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு புருஷன், என்னடி உன் வாயில இப்படி நாறுது என்று முதல் நாளே கேட்டிருப்பான். இவன் கழித்தான். படித்த பாடத்தை ஒழுங்காகச் செய்தான். கழித்து, கழித்து, அவளையே.

நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. போனை எடுத்தான், போட்டான், மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள், ஆடிக் கூட்டத்தில் போனையெல்லாம் பூட்டி வைத்துவிடுவார்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் கையில் கிடைக்கும். "என்னடா?" என்றார் அந்துவான் சார். "தெய்வானையைப் பார்க்கணும் சார்." "மத்தியானம் பாரு. இன்னும் ரெண்டு கிளாஸ் கெடக்கு." "இல்ல சார். இப்ப." அவர் அவன் முகத்தைப் பார்த்தார். "பாதியில எழுந்தா தாள் செல்லாது. அடுத்த தடவை எப்பன்னு என்னாலயும் சொல்ல முடியாது. தெரியுமில்ல?" "தெரியும் சார்." அவன் நான்காவது கிளாஸின் மூடியை மறந்திருந்தான், ஹேமா அதை எடுத்து மூடினாள். அந்துவான் சார் சட்டைப் பையைத் துழாவி ஸ்கூட்டர் சாவியை நீட்டினார். "வாயைக் கொப்புளிச்சிட்டுப் போ. போலீஸ்காரன் ஊதச் சொன்னா என் மானம்தான் போகும்." கொப்புளித்தான். மறுபடி கொப்புளித்தான். அவசரத்தில் பாதி சட்டையில் வழிந்தது. ஸ்கூட்டரில் போகும்போது காற்று முகத்தில் அடித்தது, லாரிப் புகை, கழிமுகத்துச் சேறு, எங்கோ வறுபடும் வேர்க்கடலை, ஒன்றையும் மனம் பேர் சொல்லவில்லை. அவள் காலையில் சாப்பிட்டாளா? தலைசுற்றி எங்காவது விழுந்திருந்தால்? வேதகிரி விழுந்தது டீக்கடையில், அவர் கையில் இருந்த டீக்கு இரண்டு சக்கரை போடச் சொல்லியிருந்தாராம். இது அந்த அளவுக்குப் போயிருக்காது. பேசுகிறாள், நடக்கிறாள், வெயிலு என்கிறாள். இருக்கிறாள். மூச்சு பெரிதாக இழுக்கவில்லை, நேற்றுக் காலை பார்த்தேனே, இழுக்கவில்லை. இழுத்தாளோ? பஸ்ஸுக்கு ஓடி வந்ததில் மூச்சிரைத்தது என்றல்லவா அதையும் நினைத்தேன்.

ஜவுளிக்கடை வாசலில் வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினான். மூக்கைச் சுளித்தான். "சார், காலையிலயேவா?" "குடிக்கலப்பா. என் வேலை அது." "எல்லாரும் அதைத்தான் சார் வேலையா வெச்சிருக்காங்க." கையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான், பின்னால் சார் சார் என்ற குரல், புதுத்துணியின் கஞ்சி நெடி, மாடிப்படி. தெய்வானை பிரித்துப் போட்ட புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள், ஒரு காலைச் செருப்பிலிருந்து பாதி எடுத்து, மற்றக் காலில் பாரத்தை வைத்து. பகல் வெளிச்சத்தில், நின்று பார்க்க நேரமிருக்கிற கண்ணால் அவன் அவளைப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பணியில் கூட நிற்கிற பெண் முழங்கையால் இடிக்க, அவள் நிமிர்ந்தாள். முதலில் பயம், பிறகு வாசம் வந்தது, பிறகு கோபம். "என்னாங்க இது," என்றாள் அடிக்குரலில். "கடைக்கே வந்துட்டீங்களா, இந்தக் கோலத்துல?" "குடிக்கல." "சட்டையெல்லாம் ஈரம். நாத்தம் மேல் மாடி வரைக்கும் வருது." "தெய்வானை, ஊது." "என்னது?" "வாயை ஊது. என் மூக்குகிட்ட." அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். "உலகத்துல குடிச்சவனை நிக்கவெச்சு ஊதச் சொல்லுவாங்க. இங்க குடிச்சவன் வந்து என்னை ஊதச் சொல்றான் பாருடி." அந்தப் பெண் புடவையில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். சூப்பர்வைசர் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தான். தெய்வானை சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நிறுத்தத்தில் பஸ் வருவதற்குள் பார்க்கிற பார்வை இல்லை, நிதானமாக. "என்னா ஆச்சு?" என்றாள், வேறு குரலில். "உங்க பகல் வேலை என்னா ஆச்சு?" "அது இருக்கட்டும். ஊது." சட்டைக் கையை மடித்து, முழங்கை மடிப்பை முகர்ந்தான். ஒன்றுமில்லை. புகை இறங்கியது, மால்ட் இறங்கியது, கோணி இறங்கியது. வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, வாசலில் காத்திருக்கிறவனைப் போல, குனிந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். சின்ன மூச்சு, விளக்கை அணைக்கிறவள் போல. அவன் அதை முழுவதும் வாங்கிக்கொண்டான், எதையும் கழிக்கவில்லை. "செருப்பைப் போட்டுக்க," என்றான். "தெரு முனையில ரத்தத்துல சுகர் பாக்குற இடம் இருக்கு. நான் கூட இருக்கேன். இன்னைக்கு எனக்கு டூட்டி இல்ல."